ஒரு பிடியும் ஒரு விரலும்

முந்திரிக் கொட்டை பொறுக்கும் பருவம் முடியப்போகிற சமயம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வானியல் பற்றிப் பேச வேண்டும் என்று நெய்வேலிக்கு அருகிலுள்ள முத்தாண்டிக்குப்பத்துக்கு அழைத்திருந்தார்கள். பெருவெடிப்பு, விரியும் பிரபஞ்சம், 1380 கோடி ஆண்டுகள் என்று ஒரு மணி நேரம் பேசினேன். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதும், கடைசி வரிசையிலிருந்து பத்தாவது முடித்த ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், எங்கப்பா மொத ஷிஃப்ட்டுன்னா விடியறதுக்கு முன்னாடியே எழுந்து மைன்ஸுக்குப் போவாரு. அம்மா முந்திரி ஒடைக்கப் போவும். இந்த உலகமெல்லாம் எப்படி வந்துச்சுன்னு ஆராய்ச்சி பண்றாங்களே, அவங்க காலைல எழுந்து என்னா சார் செய்வாங்க?”

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். “கணக்குப் போடுவாங்கம்மா, டெலஸ்கோப்ல பார்ப்பாங்க” என்று ஏதோ சொல்லி வைத்தேன். “சரிங்க சார்” என்று உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை. பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றி எழுதும் நாங்கள் எப்போதும் பிரபஞ்சத்தைப் பற்றியே எழுதுகிறோம். அதைக் கண்டுபிடிக்கக் கையால் என்ன வேலை செய்தார்கள் என்பதை விட்டுவிடுகிறோம். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்த அத்தியாயம்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மொட்டை மாடியில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். வானத்தின் ஒரு பக்கம் நெய்வேலியின் வெளிச்சத்தில் வெளுத்துக் கிடந்தது. வடக்கே மட்டும் முந்திரித் தோப்புக்கு மேல் இருட்டு தெளிவாக இருந்தது. கையை நீட்டி, விரல்களை மடக்கிப் பிடியாக்கி, பிடியின் அடிப்பாகத்தை அடிவானத்தில் வைத்தேன். நீட்டிய கையின் ஒரு பிடி ஏறத்தாழ 10 டிகிரி. அதன் மேல் ஒரு விரலைக் கிடையாக வைத்தால் இன்னும் ஒன்றரை, இரண்டு டிகிரி. அந்த விரலின் விளிம்பில் மங்கலாக ஒரு விண்மீன் இருந்தது. அதுதான் துருவ நட்சத்திரம்.

ஓர் ஊரில் துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, அதுதான் ஏறத்தாழ அந்த ஊரின் அட்சரேகை. முத்தாண்டிக்குப்பத்துக்குப் பதினொன்றரை டிகிரிக்குச் சற்று மேலே. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் சேலம் வரும், பிறகு மேட்டுப்பாளையத்தையொட்டி மலை ஏறும். நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர் போனால் உதகமண்டலம். ஊட்டிக்கு அருகே முத்தொரை பாலாடாவில், உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் சரிவுகளுக்கு நடுவே, ஒரு மலைச்சரிவு முழுவதையும் பிடித்தபடி அரை கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒரு கருவி நிற்கிறது. அந்தச் சரிவின் சாய்வும் இதே ஒரு பிடியும் ஒரு விரலும்தான்: பதினொன்றே கால் டிகிரிக்குச் சற்று அதிகம். அது தற்செயலாக அமைந்ததல்ல. அந்தச் சாய்வுள்ள மலையைத் தேடி அலைந்து கண்டுபிடித்தார்கள்.

தேடியவர் கோவிந்த் ஸ்வரூப். 1929இல் உத்தரப் பிரதேசத்தில் தாக்கூர்துவாரா என்ற சிற்றூரில் பிறந்தவர். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துவிட்டு 1950இல் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே இயக்குநராக இருந்தவர் நம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது ராமனோடு கூட இருந்து உழைத்தவர். 1952இல் ஒரு மாநாட்டுக்காகச் சிட்னி சென்ற கிருஷ்ணன், அங்கே ரேடியோ அலைகளைக் கொண்டு வானத்தை ஆராயும் புதிய துறையைக் கண்டு வியந்து திரும்பினார். அடுத்த ஆண்டே இரண்டு இளைஞர்களைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பிவைத்தார். ஒருவர் ஸ்வரூப். மற்றவர் கோடைக்கானல் வானாய்வகத்தைச் சேர்ந்த பார்த்தசாரதி. ஒரு மூத்தவர் ஊர் திரும்பி ‘இதை நம் பிள்ளைகள் கற்க வேண்டும்’ என்று நினைத்ததில்தான் இந்தியாவின் ரேடியோ வானியல் பிறந்தது. கிருஷ்ணனின் பெயரை இந்த இடத்தில் நாம் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

சிட்னியில் இருவரும் செய்த வேலையைக் கேட்டால் அந்த மாணவிக்குப் பிடித்திருக்கும். சூரியனைப் பார்ப்பதற்காக வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த 32 தட்டுகள், ஒவ்வொன்றும் ஆறடி அகலம். அவற்றை வேறோர் அலைநீளத்துக்கு மாற்றி அமைத்து, கம்பிகளின் நீளத்தைச் சரிபார்த்து, இணைத்து, மறுபடி அளந்தார்கள். சிட்னிக்காரர்களுக்கு அந்தத் தட்டுகள் தேவைப்படாமல் போனபோது, இந்தியாவுக்குத் தரலாமே என்று கேட்டவரும் ஸ்வரூப்தான். தந்தார்கள். ஆனால் அவை கப்பலேறி வந்து சேரவும், வந்தபின் பயன்படவும் ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் ஸ்வரூப் அமெரிக்கா போய், ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் பிரேஸ்வெல்லிடம் முனைவர் பட்டமும் பெற்றுவிட்டார். 1961இல் அவரும் வெளிநாட்டிலிருந்த இன்னும் மூன்று இந்திய வானியலாளர்களும் சேர்ந்து, ஊர் திரும்பி ஒரு ரேடியோ வானியல் குழு தொடங்க விரும்புகிறோம் என்று இந்திய நிறுவனங்களுக்கு எழுதினார்கள். உடனே பிடித்துக்கொண்டவர் ஹோமி பாபா. 1963இல் ஸ்வரூப், பாபாவின் தலைமையில் இயங்கிய மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்தப் பழைய 32 தட்டுகளும் 1965இல் மும்பைக்கு அருகே கல்யாணில் நின்று சூரியனைப் பார்க்கத் தொடங்கின.

அந்த நாட்களில் வானியலில் பெரிய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டா? கேம்பிரிட்ஜின் ஃபிரெட் ஹாயிலும் அவருடைய இரு நண்பர்களும் 1948இல் ‘இல்லை’ என்றார்கள். பிரபஞ்சம் விரிகிறது, சரி. ஆனால் விரிய விரியப் புதிய பொருள் தோன்றி இடைவெளியை நிரப்புகிறது. எனவே எப்போது பார்த்தாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார்கள். தொடக்கமும் இல்லை, முதுமையும் இல்லை. அதே கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல், வானத்தில் ரேடியோ அலைகளை வீசும் பொருள்களை, அதாவது ரேடியோ மூலங்களை, எண்ணிப் பார்த்து ‘அப்படி இல்லை’ என்றார்.

எண்ணிப் பார்த்தால் எப்படித் தெரியும்? ஒரே வாட் பல்புகளை வெளி முழுக்கச் சீராகத் தொங்கவிட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு தூரத்திலுள்ள பல்பு நான்கில் ஒரு பங்கு பிரகாசமாகத் தெரியும். இரண்டு மடங்கு தூரம் வரை எட்டிப் பார்த்தால் நம் பார்வைக்குள் வரும் இடம் எட்டு மடங்காகும். ஆகவே நான்கில் ஒரு பங்கு மங்கல் வரை எண்ணினால், எண்ணிக்கை எட்டு மடங்காக வேண்டும். விரியும் பிரபஞ்சத்தில், எங்கும் எப்போதும் ஒரே மாதிரி என்றால், எட்டுக்கும் சற்றுக் குறைவாகவே வர வேண்டும். ரைலுக்கு எட்டுக்கு மேல் வந்தது. தூரத்தைப் பார்ப்பது என்றால் பழைய காலத்தைப் பார்ப்பது. ஒளியும் ரேடியோ அலையும் வந்து சேரக் காலம் பிடிக்கும் அல்லவா? எனவே பழைய காலத்தில் ரேடியோ மூலங்கள் அதிகம் இருந்தன. அன்றைய பிரபஞ்சம் இன்றைய பிரபஞ்சம் போல இல்லை. ஆனால் ரைலின் முதல் பட்டியலில் பிழைகள் மலிந்திருந்தன. அதைக் காட்டிக்கொடுத்தவர்கள் ஸ்வரூப் பயின்ற அதே சிட்னிக் குழுவினர். திருத்திய பட்டியல்கள் வந்த பிறகும் வாதம் ஓயவில்லை.

எண்ணியாயிற்று. இனி அளக்க வேண்டும் என்பது ஸ்வரூபின் எண்ணம். ஒரு மூலம் எவ்வளவு பிரகாசம் என்பதோடு, அது வானத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையும் அளந்தால், வழக்குக்கு வேறொரு சாட்சி கிடைக்கும்.

இங்கேதான் சிக்கல். நெடுந்தொலைவு ரேடியோ மூலங்கள் மிகச் சிறியவை. ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று ஒருவர் காட்டும் ஐந்து ரூபாய் நாணயம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுதான் பலவும். ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அலையில் அதைப் பிரித்துக் காண வேண்டுமானால், பண்ருட்டியில் ஒரு விளிம்பும் விருத்தாசலத்தில் மறு விளிம்புமாக ஒரு தட்டு வேண்டும். கட்டக்கூடிய காரியமா?

வழியைக் காட்டியது நிலா. 1962 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹஸார்ட் என்பவரின் குழுவினர், நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் நேரத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். அதிலிருந்து அந்த மூலத்தின் இடமும் அமைப்பும் தெரிந்தன. அதுதான் 3சி 273. சில மாதங்களில், ‘குவாசார்’ என்ற புதுவகை வான்பொருள்களில் முதலாவது என்று அடையாளம் காணப்பட்டது. அந்தக் கட்டுரையை 1963இல் படித்த ஸ்வரூபுக்குப் பொறி தட்டியது.

சந்திரனுக்கு ரோகிணி மேல்தான் ஆசை என்று நம் கதைகள் சொல்லும். நிலா அவ்வப்போது ரோகிணி நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போவதை நம் முன்னோர்கள் பார்த்திருக்கிறார்கள். அதே மறைப்புதான் இதுவும். நிலா தன் அகலத்தளவு தூரத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடக்கிறது. அப்படியென்றால் ஒரு விநாடியில் ஒரு டிகிரியின் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மூலம் நிலாவின் விளிம்புக்குப் பின்னால் போகும்போது சட்டென்று அணைந்தால் அது புள்ளி. பத்து விநாடி எடுத்துத் தேய்ந்து அணைந்தால், அது ஒரு டிகிரியில் எழுநூற்றில் ஒரு பங்கு அகலம். அதாவது, அந்த ஐந்து ரூபாய் நாணயம். நாற்பது கிலோமீட்டர் தட்டின் வேலையை ஒரு கடிகாரமும் நிலாவின் விளிம்பும் செய்துவிடும்.

ஆனால் இதற்கு நிலாவை மணிக்கணக்கில் பின்தொடரக்கூடிய மிகப் பெரிய ஏற்பி வேண்டும். பெரிய கருவியைத் திருப்புவது கடினம், செலவும் அதிகம். நாடோ ஏழை நாடு, காலமோ உணவுப் பஞ்சக் காலம். ஸ்வரூபின் யோசனை இங்கேதான் மின்னியது. பூமி ஓர் அச்சில் சுற்றுகிறது. கருவியின் அச்சும் பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால், ஒரே ஒரு திருப்பம் போதும். நிலா உதித்து மறையும் வரை கூடவே போகலாம். பூமத்திய ரேகையில் கட்டினால் கருவியை வடக்குத் தெற்காகத் தரையில் அப்படியே கிடத்திவிடலாம். நமக்கு அங்கே நிலமில்லை. தமிழ்நாட்டில் கட்டினால் கருவியின் வடக்கு முனையைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் தூக்க வேண்டும். எவ்வளவு? ஒரு பிடியும் ஒரு விரலும். அரை கிலோமீட்டர் நீளக் கருவிக்கு வடக்கு முனை ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். அவ்வளவு உயரக் கோபுரம் கட்ட யாரிடம் பணம் இருக்கிறது?

மலையிடம் இருந்தது. தான் இருக்கும் அட்சரேகை அளவுக்கே சாய்ந்த, வடக்கே ஏறித் தெற்கே இறங்கும் ஒரு சரிவைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். தென்னிந்திய மலைகளில் தேடி முத்தொரையில் அது கிடைத்தது. இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நான் படித்த எந்தச் சமன்பாட்டுக்கும் குறையாத அழகு இந்த யோசனைக்கு இருக்கிறது.

இப்போது கருவிக்கு வருவோம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தண்ணீர்த் தொட்டியை நெடுக்காகப் பிளந்து வைத்தது போன்ற வளைவு. அந்த வளைவை 24 எஃகுச் சட்டங்கள் தாங்குகின்றன. ஆனால் வளைவின் மேல் தகடு கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 0.38 மில்லிமீட்டர் பருமன், கிட்டத்தட்டப் பூக்கட்டும் நூல். கம்பிக்குக் கம்பி சில சென்டிமீட்டர் இடைவெளி. ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அலைக்கு அந்த இடைவெளி தெரியாது. கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிவிடும். நீலகிரிக் காற்றோ தடையின்றி உள்ளே புகுந்து வெளியேறும். எல்லாக் கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்தால் 580 கிலோமீட்டரைத் தாண்டும். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஊட்டிக்கு நேர்கோட்டில் கட்டி, ஏறக்குறைய திரும்பவும் கொண்டுவந்துவிடலாம்.

வடிவமைத்ததும் கட்டியதும் எல்லாம் இங்கேயே. சில இளைஞர்கள் அணுசக்திப் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள். கம்பியின் இழுவிசையைச் சரிசெய்வது, மின்பெருக்கிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது, மழை ஈரம் புகாமல் இணைப்புகளை மூடுவது: இவைதான் பிரபஞ்சத்தின் தொடக்கத்தை ஆராய வந்தவர்கள் காலையில் எழுந்து செய்த வேலைகள். 1970 பிப்ரவரியில் கருவி வானத்தைக் கேட்கத் தொடங்கியது.

ஒரு மறைப்பு நாள் எப்படி இருக்கும்? நிலா எந்த மூலத்தை எத்தனை மணிக்குத் தொடும் என்று முன்கூட்டியே கணித்து வைத்திருப்பார்கள். ரேடியோவுக்கு இரவு பகல் கிடையாது, மேகமும் தடையில்லை; ஊட்டியின் மூடுபனியிலும் வேலை நடக்கும். நேரம் நெருங்க நெருங்க, பதிவுக் கருவியின் பேனா தாளில் கோடிட்டுக்கொண்டே போகும். கோடு ஓரிடத்தில் சரியும். அந்தச் சரிவின் வடிவத்தில் பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒன்றின் அகலம் ஒளிந்திருக்கிறது. முடிந்தது. சற்று நேரம் கழித்து அது மறுவிளிம்பில் வெளிப்படும்போது இன்னொரு முறை. தவறவிட்டால் நிலா திரும்பி வந்து கேட்காது.

1970களில் இப்படி ஏறத்தாழ ஆயிரம் மூலங்களை அளந்தார்கள். அந்த அளவுகளை வைத்து 1975இல் ஸ்வரூபும் அவருடைய மாணவர் விஜய் கபாஹியும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். மங்கலான, அதாவது தூரத்து, மூலங்கள் சிறியனவாகத் தெரிந்தன, அது எதிர்பார்த்ததே. ஆனால் எவ்வளவு வேகமாகச் சிறுக்கின்றன என்பதில்தான் விஷயம். எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் பிரபஞ்சத்தின் கணக்கோடு அது ஒத்துப்போகவில்லை. பழைய காலத்தில் ரேடியோ மூலங்கள் எண்ணிக்கையில் அதிகமாகவும் உருவத்தில் சிறியனவாகவும் இருந்தன என்று கொண்டால்தான் பொருந்தியது. அன்று வேறு, இன்று வேறு. பிரபஞ்சத்துக்கு வயது ஆகிறது.

ஊட்டிதான் பெருவெடிப்பை நிரூபித்தது என்று மேடைகளில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அது மிகை. பெருவெடிப்பின் மிச்ச வெப்பமான, வானம் முழுக்கப் பரவிய நுண்ணலைப் பின்னணியைப் பென்ஸியாஸும் வில்சனும் 1965இலேயே கண்டுவிட்டார்கள். பெரும்பாலோர் அதிலேயே மனம் மாறிவிட்டார்கள். ஊட்டி தந்தது தனித்த இன்னொரு சாட்சியம். யாரும் தராத வழியில், நம் மலையிலிருந்து, நம் கையால் செய்த கருவியால் தந்தது. அதுவே போதுமான பெருமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹாயிலின் மாணவரும், தொடக்கமில்லாப் பிரபஞ்சத்தைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் வாதாடியவருமான ஜெயந்த் நார்லிகர் 1972இல் சேர்ந்தது ஸ்வரூபின் அதே டாட்டா நிறுவனத்தில்தான். ஒரே கூரையின் கீழ் எதிரெதிர் முடிவுகள். ஓர் அறிவுச் சூழல் ஆரோக்கியமாக இருப்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

இனி நெய்வேலிக்குத் திரும்புகிறேன். என் மேசையில் ஒரு கட்டி பழுப்பு நிலக்கரி இருக்கிறது. புதிதாக வெட்டிய கட்டியைக் கையில் வாங்கினால் முதலில் தெரிவது அதன் ஈரம். எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். உற்றுப் பார்த்தால் மரத்தின் வரிகள் சில இடங்களில் இன்னும் தெரியும். காயவைத்தால் வெடித்து உதிரும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது தண்ணீரோடு கறுப்பாக வந்த துகள்கள்தான் இந்த ஊரின் தலையெழுத்தை மாற்றின. சில கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போன காடு அது.

ஆனால் அந்தக் கட்டிக்குள் காட்டைவிடப் பழையது இருக்கிறது. எரிவதற்கு உதவும் கார்பன், ஏதோ ஒரு காலத்தில் ஏதோ விண்மீன்களின் வயிற்றில் வெந்தது. சூரியனுக்கு முன்பே வாழ்ந்து முடித்த விண்மீன்கள். ஈரத்தில் உள்ள ஹைட்ரஜன் அதைவிடப் பழையது. அதில் சுமார் ஆறாயிரத்துச் சொச்சம் அணுவுக்கு ஒன்று இரட்டை எடை கொண்டது, பெயர் ட்யூட்டீரியம். தூத்துக்குடி கனநீர் ஆலையில் பிரித்தெடுத்தது இதைத்தான். இந்த ட்யூட்டீரியத்தை விண்மீன்கள் ஆக்குவதில்லை. கிடைத்ததையும் எரித்துத் தீர்த்துவிடுகின்றன. இன்று பிரபஞ்சத்தில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ எல்லாம் பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் உருவானது. வானத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அந்த நிமிடங்களில் பிரபஞ்சம் எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்று கணக்கிடலாம். நாம் காணும் சாதாரணப் பொருள், பிரபஞ்சத்தின் மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான் என்பதற்கான வலுவான ஆதாரங்களில் அதுவும் ஒன்று.

ஒரு கிலோ ஈர நிலக்கரியில் குறைந்தது 15 மில்லிகிராம் ட்யூட்டீரியம் இருக்கும். மாணவியின் அப்பா ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் மேலே அனுப்பும் ஒவ்வொரு டன்னிலும் குறைந்தது 15 கிராம். பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களைக் கையால் தொட வேண்டுமானால் நெய்வேலியில் கன்வேயர் பெல்ட் ஓரமாக நின்றால் போதும்.

ட்யூட்டீரியம் ரேடியோவில் பேசும் இடம் 327 மெகாஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையை வானியலுக்கென உலக நாடுகள் ஒதுக்கி வைத்திருக்கின்றன. ஊட்டித் தொலைநோக்கி வேலை செய்வது 326.5 மெகாஹெர்ட்ஸில், அந்த ஒதுக்கீட்டுக்குள்தான். கட்டியையும் கருவியையும் நான் ஒன்றாக நினைக்கத் தொடங்கியது இதனால்தான்.

ஸ்வரூப் ஊட்டியோடு நிற்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில், ஓய்வைப் பற்றி மற்றவர்கள் யோசிக்கும் காலத்தில், புணேக்கு வடக்கே கோடத் கிராமத்தை மையமாக வைத்து 45 மீட்டர் அகலத்தில் 30 தட்டுகளை 25 கிலோமீட்டர் பரப்பில் நிறுத்தும் திட்டத்தைத் தொடங்கினார். இங்கேயும் தகட்டுக்குப் பதில் கம்பி வலைதான். ஊட்டியில் கற்ற சிக்கனம். விண்மீன் மண்டலங்கள் உருவாவதற்கு முந்தைய ஹைட்ரஜனைக் கேட்க வேண்டும் என்பது அதன் முதல் நோக்கங்களில் ஒன்று. 21 சென்டிமீட்டர் நீளத்தில் புறப்பட்ட அந்த அலை, பிரபஞ்சம் விரிந்ததில் நீண்டு நீண்டு, மீட்டர் கணக்கில் வளர்ந்து நம்மை வந்தடைகிறது. முதல் விண்மீன்கள் பிறந்த காலத்து அந்தக் குரலை ஐயமறக் கேட்டவர் இன்றுவரை எவரும் இல்லை. ஸ்வரூப் அதைக் கேட்காமலேயே 2020 செப்டம்பர் 7 அன்று, 91ஆம் வயதில் காலமானார். கபாஹி அவருக்கு முன்பே, 1999இல் போய்விட்டார்.

கேட்டுவிட்டோம் என்று ஒரு குழு சொல்லியிருந்தது. 2018இல் அமெரிக்கக் குழு ஒன்று, ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வைத்த சிறு ஆண்டெனாவில் அந்தச் சமிக்ஞை கிடைத்ததாக அறிவித்தது. உலகமே பரபரப்பானது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் ரவி சுப்ரமணியனின் குழு இதே சமிக்ஞைக்காக ‘சரஸ்’ என்ற கருவியைப் பல ஆண்டுகளாகச் செதுக்கிக்கொண்டிருந்தது. ஆண்டெனாவுக்குக் கீழே உள்ள மண்ணே பொய்ச் சமிக்ஞை தரக்கூடும். அடுக்கடுக்கான மண்ணில் அலைகள் பட்டு எதிரொலித்துக் குழப்பும். சீரான தரை எங்கே கிடைக்கும்? தண்ணீரில். 2020இல் கர்நாடகத்தில் ஓர் ஏரியிலும் ஷராவதி அணையின் நீர்த்தேக்கத்திலும் ஆண்டெனாவைத் தெப்பத்தில் மிதக்கவிட்டார்கள். தண்டிகனஹள்ளி ஏரிக்கரையில் விஞ்ஞானிகள் தெப்பத்தை இழுத்துக்கொண்டு நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். 2022இல் முடிவு வெளிவந்தது: அமெரிக்கக் குழு சொன்ன வடிவத்தில் அந்தச் சமிக்ஞை இல்லை. ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்வதற்கும் பத்தாண்டு உழைப்பு வேண்டியிருக்கிறது.

ஆக, தங்கச்சி, காலையில் எழுந்து அவர்கள் செய்வது இதுதான். கம்பியை இழுத்துக் கட்டுகிறார்கள். மலையின் சாய்வை அளக்கிறார்கள். நிலாவுக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தெப்பம் கட்டுகிறார்கள். மாதக்கணக்கில் எண்களைச் சலித்துப் பிழை தேடுகிறார்கள். உங்கள் அப்பா இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்வார் அல்லவா? அந்தக் காதுதான் இந்த வேலைக்கும் வேண்டும்.

வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைச் சொல்ல ஆளில்லாமல்தான் பல பிள்ளைகள் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார்கள். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும். பிறகு எம்.எஸ்ஸி. இயற்பியல், அல்லது பொறியியல். எங்கே படித்தாலும் சரி. அதன்பின் ஜெஸ்ட் போன்ற தேசிய நுழைவுத் தேர்வுகள். தேறி நேர்காணலிலும் தேர்வானால் புணே, பெங்களூரு, சென்னை என்று நாட்டின் ஆய்வு நிறுவனங்களில் முனைவர் பட்ட ஆராய்ச்சி. அதற்கு வீட்டிலிருந்து பணம் கட்ட வேண்டாம்; அவர்களே தருவார்கள். 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. ‘ஃபிசிக்ஸ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்’ என்று கேட்கும் வீடுகளில் இந்த எண்ணைத் தயவுசெய்து சொல்லுங்கள்.